கப்பல் கால்வாய் எப்படி வேலை செய்யுது, எது பெருசு? டெல்டா பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதிலும்

மேட்டூர்ல இன்னைக்கு எத்தனை அடி, கல்லணைல இருந்து வெண்ணாத்துக்கு எவ்வளவு, காவேரிக்கு எவ்வளவு, கல்லணைக் கால்வாய்க்கு எவ்வளவுன்னு டீக்கடையில உக்காந்துகிட்டே சொல்ற ஆளுங்க நம்ம ஆளுங்க. அதனால சூயஸ், பனாமா சமாச்சாரமெல்லாம் மத்த ஊர்க்காரங்கள விட நமக்கு சீக்கிரம் புரியும்னு நான் உறுதியா நம்புறேன். நாகை, காரைக்கால் பக்கம் கப்பல் வேலைக்குப் போற பசங்க இருக்காங்க, அவங்க வீட்டுல உள்ளவங்க கேக்குறது, ஸ்கூல் புள்ளைங்க கேக்குறது, சேது சமுத்திரம் பேச்சு வர்றப்ப பெரியவங்க கேக்குறது எல்லாத்தையும் ஒண்ணா சேத்து இங்க பதில் எழுதியிருக்கேன்.

நம்ம பாசன வாய்க்காலுக்கும் கப்பல் கால்வாய்க்கும் என்னங்க வித்தியாசம்? ரெண்டும் வெட்டுன பள்ளம்தானே?

வெட்டுன பள்ளம்தான், ஆனா ரெண்டுக்கும் வேலை நேர்மாறு. பாசன வாய்க்கால்ல தண்ணி ஓடணும், அதுக்காக வாட்டம் பாத்து வெட்டுவாங்க, வாட்டம் தப்புனா கடைமடைக்குத் தண்ணி போகாது. கப்பல் கால்வாய்ல தண்ணி ஓடக்கூடாது, நிக்கணும். ஓடுச்சுன்னா கப்பலைத் திருப்புறதும் நிறுத்துறதும் கஷ்டம். அங்க வேண்டியது ஆழமும் அகலமும் மட்டமும்தான்.

இதுல ரெண்டு ஜாதி. ரெண்டு கடலும் ஏறக்குறைய ஒரே மட்டத்துல இருந்து நடுவுல நிலமும் தாழ்வா இருந்தா நேரா வெட்டி விட்டுடலாம், எகிப்துல மத்தியதரைக் கடலையும் செங்கடலையும் சேக்குற சூயஸ் அப்படித்தான். நடுவுல மேடு இருந்தா கப்பலைப் படிப்படியா ஏத்தி இறக்கணும், அதுக்குத்தான் லாக், அதாவது முன்னாடியும் பின்னாடியும் கதவு வச்ச பெரிய தண்ணித் தொட்டி. அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் சேக்குற பனாமா அந்த வகை. ஜெர்மனில இருக்குற கீல் கால்வாய்க்கும் ரெண்டு முனையிலயும் லாக் உண்டு, ஆனா அது மேடு ஏர்றதுக்கு இல்ல, கடல் ஏத்த இறக்கம் கால்வாய்க்குள்ள வராம தடுக்க.

எது பெரிய கால்வாய்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்களே.

எதை வச்சு அளக்குறீங்கங்கறதுதான் விஷயம். நீளம்னா சீனாவோட பெரிய கால்வாய் கிட்டத்தட்ட 1,800 கிலோமீட்டர், அதுக்குப் பக்கத்துல யாரும் வர முடியாது, ஆனா அதுல போறது ஆத்துப் படகு, பார்ஜ், அதுல கடல் கப்பல் போகாது. ரஷ்யாவுல வெண்கடல்-பால்டிக் கால்வாய் 227 கிலோமீட்டர், 1933-ல முடிச்சது, 19 லாக், ஆனா ஆழம் கம்மி. சூயஸ் 193, ரஷ்யாவோட வோல்கா-டான் 101, கீல் 98, பனாமா 82, இங்கிலாந்துல மான்செஸ்டர் 58, கனடாவுல வெல்லண்ட் 43. கிரேக்கத்துல கொரிந்த் வெறும் ஆறரை கிலோமீட்டர்கூட இல்ல.

என்னைக் கேட்டா நீளத்தைத் தூக்கி ஓரமா வச்சிடுங்க. ஒரு கால்வாய் எவ்வளவு பெருசுன்னா அதுல எவ்வளவு பெரிய கப்பல் போகும், அவ்வளவுதான் கணக்கு. அதுவும் சராசரி அகலம், சராசரி ஆழம் எதுக்கும் உதவாது, எந்த இடம் ரொம்பக் குறுகலோ, எந்த இடம் ரொம்ப ஆழம் கம்மியோ அதுதான் கணக்கு. வாய்க்கால் இருபது அடி அகலம் இருந்தாலும் நடுவுல ஒரு சின்ன மதகு இருந்தா அந்த மதகு விடுற தண்ணிதானே கீழ போகும், அந்த மாதிரி.

அப்படிப் பாத்தா சூயஸ்தான் முதல். லாக் இல்லாததால நீளத்துக்கு வரம்பு கிடையாது, 400 மீட்டர் கப்பல் சாதாரணமா போகுது, தண்ணிக்குள்ள 20 மீட்டர் வரைக்கும் அமுங்கி இருக்கலாம் (அந்த அமுங்குற ஆழத்தைத்தான் கப்பல்காரங்க டிராஃப்ட்னு சொல்வாங்க). பனாமாவோட பழைய லாக் 33.5 மீட்டர் அகலம், அதுக்குள்ள 32.3 மீட்டர் அகலக் கப்பலை விடுவாங்க, ரெண்டு பக்கமும் முழங்கை அளவு இடம்தான் மிச்சம். 2016-ல தொறந்த புது லாக் 427 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம், டிராஃப்ட் 15.2 மீட்டர் வரைக்கும். கீல்ல 235 மீட்டர் கப்பலுக்கு மேல போக முடியாது. கொரிந்த் அடியில 21 மீட்டர் அகலம்தான், ரெண்டு பக்கமும் பாறைச் சுவர் செங்குத்தா நிக்கும், பாக்க அழகு, இன்னைக்கு சரக்குக் கப்பலுக்கு அதனால பெரிய பிரயோஜனம் இல்ல.

வெல்லண்ட பத்தி யாரும் பேசுறதில்ல, அது எனக்கு வருத்தம். நயாகரா அருவியைச் சுத்திக்கிட்டுப் போற கால்வாய் அது, 8 லாக்ல கப்பலைக் கிட்டத்தட்ட 100 மீட்டர் ஏத்துறாங்க. பனாமா ஏத்துறது 26 மீட்டர்தான்.

சூயஸ்ல ஏன் லாக் வேண்டாம்னு விட்டாங்க?

வேண்டியதில்ல, அதான். ஆனா அதைக் கண்டுபிடிக்கவே ரொம்ப நாள் ஆச்சு. நெப்போலியன் எகிப்துக்குப் போனப்ப அவரோட இன்ஜினியருங்க 1799 வாக்குல மட்டம் எடுத்துட்டு செங்கடல் மத்தியதரைக் கடலை விட சுமார் 10 மீட்டர் உசரம்னு சொல்லிட்டாங்க, வெட்டுனா எகிப்தே முழுகிடும்னு ஒரு பயம் பரவிப்போச்சு. 1847-ல மறுபடி ஒழுங்கா மட்டம் எடுத்தப்பதான் சொல்லும்படியா வித்தியாசமே இல்லைன்னு தெரிஞ்சுது.

அப்புறம் லெசெப்ஸ்ங்கிற பிரெஞ்சுக்காரர் கம்பெனி ஆரம்பிச்சு 1859-ல வெட்ட ஆரம்பிச்சு 1869 நவம்பர் 17-ல தொறந்தாங்க. அப்ப ஆழம் 8 மீட்டர், அடி அகலம் 22 மீட்டர், இன்னைக்கு ஆழம் 24 மீட்டர். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம், கப்பல் கால்வாய் வெட்டுறதுக்காகவே நைல் ஆத்துல இருந்து ஒரு நல்ல தண்ணி வாய்க்கால் வெட்ட வேண்டியதாப் போச்சு, பாலைவனத்துல வேலை பாக்குறவங்களுக்குக் குடிக்கத் தண்ணி வேணும்ல. ஆரம்பத்துல எகிப்து விவசாயிங்களைக் கட்டாய வேலைக்கு இழுத்துட்டு வந்துதான் மண்ணு அள்ளுனாங்க, 1864 வாக்குல அது நின்னு நீராவி டிரெட்ஜர் (தண்ணிக்கு அடியில மண்ணு அள்ளுற மிதக்கும் எந்திரம்) வந்துச்சு.

பனாமாவுல மட்டும் ஏன் கப்பல மேல ஏத்தி இறக்குறாங்க? அதையும் நேரா வெட்டியிருக்கலாமே?

அதே லெசெப்ஸ் 1880-கள்ல அதைத்தான் செஞ்சு பாத்தாரு. சூயஸ் மணலு, பனாமா மலையும் காடும் மழையும். வெட்ட வெட்ட சரிஞ்சுது, சாக்ரெஸ் ஆறு வெள்ளம் வந்தா வெட்டுன இடத்தையெல்லாம் அடிச்சுட்டுப் போச்சு, மலேரியாவும் மஞ்சக் காய்ச்சலும் 20,000 பேருக்கு மேல கொண்டுபோயிடுச்சு, 1889-ல கம்பெனி திவால். 1904-ல அமெரிக்கா எடுத்தப்ப முதல்ல கொசுவை ஒழிச்சாங்க, அப்புறம் திட்டத்தையே மாத்துனாங்க. எந்த ஆறு தொல்லை குடுத்துச்சோ அந்த சாக்ரெஸ் ஆத்தையே மறிச்சு அணை கட்டி, கடல் மட்டத்துக்கு 26 மீட்டர் மேல கட்டூன் ஏரின்னு ஒண்ணை உண்டாக்கி, கப்பல் அந்த ஏரி மேலேயே போகட்டும்னு முடிவு பண்ணாங்க. தொல்லை குடுத்த வெள்ளத்தையே கால்வாய்க்குத் தண்ணியா மாத்துன அந்த முடிவுதான் பனாமாவோட உயிர். 1914 ஆகஸ்ட் 15-ல தொறந்தாங்க.

லாக்குக்குள்ள நிஜமா என்ன நடக்குது? ஒரு கப்பல் போறதை விளக்கமா சொல்லுங்க.

அட்லாண்டிக் பக்கம் கட்டூன் லாக்ல ஒரு பழைய அளவுக் கப்பல் வருதுன்னு வச்சுக்குங்க. கால்வாயோட பைலட் ஏறி கப்பலை அவரே நடத்துவாரு, கேப்டன் பக்கத்துல நிப்பாரு. ரெண்டு பக்கக் கரை மேலயும் தண்டவாளத்துல மின்சார எஞ்சின் ஓடும், அதுக்குப் பேரு மியூல், அதுல இருந்து கம்பி வடம் கப்பல்ல கட்டி இழுத்துப் பிடிச்சுக்கும். அந்த எஞ்சின் முக்கியமா கப்பலை இழுக்குறதுக்கு இல்ல, சுவத்துல இடிக்காம நடுவுல நிறுத்துறதுக்கு.

கப்பல் முதல் தொட்டிக்குள்ள வந்ததும் பின்னாடி கதவை மூடிடுவாங்க. கதவு ரெண்டு பலகை, சுமார் 2 மீட்டர் கனம், பெரிய பலகை 650 டன்னைத் தாண்டும், மூடுனா நேர்கோடா நிக்காது, மேல் தண்ணி இருக்குற பக்கம் பாத்து கூம்பி நிக்கும், அதனால தண்ணி எவ்வளவு அழுத்துதோ அவ்வளவு இறுக்கமா மூடிக்கும். உள்ள வெத்திடமா கட்டியிருக்குறதால தண்ணில பாதி மிதக்கும், ஆரம்பத்துல அதை அசைக்க நம்ம ஊரு டிராக்டரு பவரு அளவுக்குத்தான் மோட்டார் போட்டிருந்தாங்க.

கதவு மூடுனதும் சுவத்துக்குள்ள இருக்குற பெரிய சுரங்கக் குழாயோட ஷட்டரைத் தூக்குவாங்க. அந்தக் குழாய் 5.5 மீட்டர் விட்டம், மேல ஏரில இருந்து தண்ணி இறங்கி தொட்டியோட தரையில இருக்குற ஓட்டைங்க வழியா கீழ இருந்து பொங்கி வரும், பக்கவாட்டுல அடிச்சா கப்பல் ஆடும்னுதான் தரையில இருந்து விடுறாங்க. பம்ப் ஒண்ணுகூட கிடையாது. மேட்டுத் தண்ணி பள்ளத்துக்கு வருது, அவ்வளவுதான். எட்டு பத்து நிமிஷத்துல அத்தனை ஆயிரம் டன் கப்பல் எட்டரை மீட்டர் மேல வந்து நிக்கும். முன் கதவு தொறக்கும், அடுத்த தொட்டி. மூணு படி ஏறுனா ஏரி. அந்தப் பக்கம் பெட்ரோ மிகேல்ல ஒரு படி, மிராஃப்ளோரஸ்ல ரெண்டு படி இறங்குனா பசிபிக்.

அப்ப ஒரு கப்பல் போக எவ்வளவு தண்ணி செலவு? நம்ம கணக்குல சொல்லுங்க.

இந்தக் கேள்வியைக் கேக்குறவங்கதான் விஷயத்தைப் பிடிச்சவங்க. ஒரு கப்பல் இந்தக் கடல்ல இருந்து அந்தக் கடலுக்குப் போக சுமார் 20 கோடி லிட்டர் நல்ல தண்ணி கடலுக்குப் போயிடும். ஒரு டிஎம்சிங்கறது சுமார் 2,830 கோடி லிட்டர். அப்ப ஒரு டிஎம்சிக்கு 140 கப்பல். ஒரு நாளைக்கு 36 கப்பல்னா நாலு நாளைக்கு ஒரு டிஎம்சி. இன்னும் நம்ம பாஷையில சொன்னா, ஒரு கப்பலுக்கு ஆகுற தண்ணி வினாடிக்கு 82 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வாய்க்கால்ல விட்டதுக்குச் சமம், 36 கப்பலுக்கு ஏறக்குறைய 3,000 கன அடி, தினமும், வருஷம் பூரா, கோடையிலயும்.

கட்டூன் ஏரி மொத்தக் கொள்ளளவு 180 டிஎம்சிக்குப் பக்கம், மேட்டூரோட 93.47-ஐ வச்சுப் பாத்தா ரெண்டு மடங்கு. ஆனா மேட்டூர்ல 120 அடில இருந்து 30 அடி வரைக்கும் இறக்கி விட்டு ஓட்டிக்கலாம், அங்க அது முடியாது. ஏரி மட்டம் சில அடி இறங்குனாலே அதுல மிதக்குற கப்பல் தரை தட்டும். அதனால 180 இருந்தும் கையில செலவு பண்ண இருக்குறது கொஞ்சம்தான். பத்தாததுக்கு பனாமா நாட்டு ஜனங்கள்ல பாதிப் பேருக்கு மேல குடிக்கிற தண்ணியும் இந்த ஏரிங்கள்ல இருந்துதான் போகுது.

2023-ல பனாமாவுல கப்பல் வரிசையா நின்னுச்சே, அது இதனாலதானா?

ஆமா. எல் நினோ (பசிபிக் கடல் தண்ணி வழக்கத்தை விட சூடாகுறது) வந்து மழை பொய்ச்சுது. முதல்ல டிராஃப்ட்டை 50 அடில இருந்து 44 அடிக்குக் குறைச்சாங்க, அப்படின்னா கன்டெய்னரைக் குறைச்சு ஏத்திட்டு வான்னு அர்த்தம். அப்புறம் ஒரு நாளைக்கு விடுற கப்பல் எண்ணிக்கையையே 22 வரைக்கும் இறக்குனாங்க. நம்ம ஊர்ல முறை வச்சுத் தண்ணி விடுற மாதிரியேதான். வரிசையில முன்னாடி போக ஏலம் விட்டாங்க, ஒரு கப்பல்காரங்க ஒரு தடவை போறதுக்கு 40 லட்சம் டாலர் பக்கம் குடுத்தாங்க. 2024 மழைக்கு அப்புறம் சரியாச்சு.

இப்ப ரியோ இந்தியோன்னு பக்கத்து ஆத்துல புதுசா அணை கட்டித் தண்ணி கொண்டுவரத் திட்டம், அங்க முழுகப் போற கிராமத்து விவசாயிங்க எதிர்க்குறாங்க. அவங்க நிலைமை நமக்குப் புரியாம வேற யாருக்குப் புரியும்.

ரெண்டு பக்கமும் கடல் இருக்கே, கடல் தண்ணிய பம்ப் பண்ணி ஏத்திக்கலாமே?

கூடாதுங்க. குடிதண்ணி ஏரி உப்பாயிடும். வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் ஆளுங்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்ல, ஆறு வடிகாலெல்லாம் கடல்ல சேர்ற இடத்துல நம்ம ஊர்ல ரெகுலேட்டர் கட்டி வச்சிருக்குறதே உப்புத்தண்ணி உள்ள ஏறக்கூடாதுன்னுதான். பனாமாவுல புது லாக் வந்ததுல இருந்து ஏரில உப்பு கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டு இருக்கு, அது அங்க பெரிய கவலை. இன்னொண்ணு, நல்ல தண்ணி கடல் தண்ணியை விட லேசு, அதனால கடல்ல 15 மீட்டர் அமுங்குற கப்பல் ஏரிக்குள்ள வந்தா இன்னும் ஒரு அடிக்கு மேல அமுங்கும், அதையும் கணக்கு வச்சுத்தான் சரக்கு ஏத்துவாங்க.

புது லாக்ல ஒவ்வொரு தொட்டிக்கும் பக்கத்துல மூணு குளம் கட்டி, இறக்குற தண்ணியை அதுல பிடிச்சு அடுத்த கப்பலுக்குத் திருப்பி விடுறாங்க, 60 சதவீதம் தண்ணி திரும்பக் கிடைக்குது. அவ்வளவு பெரிய லாக் இருந்தும் பழைய லாக்கை விட ஒரு கப்பலுக்குத் தண்ணி கம்மியாத்தான் ஆகுது.

உலகத்துலயே பெரிய லாக் பனாமாவுலதான் இருக்கா?

இல்ல. நெதர்லாந்துல ஐமூடன்ல 2022 ஜனவரில தொறந்த லாக், 500 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம், 18 மீட்டர் ஆழம். ஆம்ஸ்டர்டாம் துறைமுகத்துக்குப் போற வழி.

எவர் கிவன் கப்பல் சூயஸ்ல எப்படி குறுக்க மாட்டுச்சு? காத்து அடிச்சா அவ்வளவு பெரிய கப்பல் திரும்புமா?

2021 மார்ச் 23. கப்பல் 400 மீட்டர் நீளம், 59 மீட்டர் அகலம், கப்பல் ஊழியர் 25 பேரும் இந்தியர்கள். மேல அடுக்கியிருக்குற கன்டெய்னர் ஒரு பெரிய பாய்மரம் மாதிரி காத்தை வாங்கும், அன்னைக்குப் புழுதிக் காத்து. ஆனா காத்து மட்டும் இல்ல. குறுகலான கால்வாய்ல பெரிய கப்பல் போறப்ப அது தள்ளுற தண்ணி ரெண்டு பக்கமும் இடுக்குல வேகமா பின்னாடி ஓடும், வேகமா ஓடுற இடத்துல மட்டம் இறங்கும், கப்பல் கீழ உக்காரும், எந்தக் கரை கிட்டயோ அந்தப் பக்கம் பின்பாகத்தை இழுத்துக்கும், முன்பாகம் எதிர்க்கரைக்குத் திரும்பும். வேகம் கூடக்கூட இழுப்பு கூடும். அதனாலதான் சூயஸ்ல மணிக்கு 15 கிலோமீட்டர் வாக்குல மெதுவா, வரிசையா விடுறாங்க.

மூக்கு மண்ணுல சொருகிக்கிச்சு, டிரெட்ஜர் வச்சு சுமார் 30,000 கன மீட்டர் மணலைத் தோண்டுனாங்க, டக்போட் (இழுவைப் படகு) இழுத்துச்சு. 28-ஆம் தேதி பங்குனி உத்திரப் பௌர்ணமி, கடல் நல்லா ஏறுச்சு, அந்த ஏத்தத்துல 29-ஆம் தேதி மிதந்துச்சு. அப்ப வரிசையில நின்ன கப்பல் ஏறக்குறைய நானூறு. அதுக்கு அப்புறம் தெற்குப் பகுதியை அகலப்படுத்துனாங்க.

ஒரு தடவை வெட்டிட்டா போதுமா?

நம்மகிட்டயா இந்தக் கேள்வி! வருஷா வருஷம் தூர்வாரலேன்னா நம்ம ஏ வாய்க்கால் பி வாய்க்கால் என்ன ஆகுதுன்னு தெரியும்ல. சூயஸ்ல மணல் சரிஞ்சுக்கிட்டே இருக்கு, பனாமாவுல குலெப்ரா மலை வெட்டுப் பகுதியில மண்ணு சரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, டிரெட்ஜர் ரெண்டு இடத்துலயும் நிரந்தர வேலைக்காரன். கட்டுற செலவைப் பத்திப் பேசுறவங்க இந்தச் செலவைப் பேசாம விட்டுடுவாங்க.

கால்வாய்ல போக எவ்வளவு காசு?

கப்பல் அளவைப் பொறுத்து, பெரிய கப்பல்னா லட்சக்கணக்கான டாலர். 1928-ல ரிச்சர்ட் ஹாலிபர்ட்டன்னு ஒருத்தர் பனாமா கால்வாயை நீந்தியே கடந்தாரு, அவரோட எடைக்குக் கணக்குப் போட்டு 36 சென்ட் வாங்குனாங்க. அவ்வளவு காசு குடுத்தும் ஏன் போறாங்கன்னா தூரம்: நியூயார்க்ல இருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு தென் அமெரிக்காவைச் சுத்துனா 22,000 கிலோமீட்டருக்கு மேல, பனாமா வழியா 10,000-க்கும் கம்மி. 2023 கடைசில இருந்து செங்கடல்ல கப்பலைத் தாக்குனதால நிறைய பேர் சூயஸை விட்டுட்டு ஆப்பிரிக்காவைச் சுத்திப் போனாங்க, 2024-ல சூயஸ்ல போன கப்பல் பாதியாக் குறைஞ்சிடுச்சு.

சேது சமுத்திரமும் சூயஸ் மாதிரிதானா? வந்தா நமக்கு என்ன?

சூயஸ் மாதிரி இல்ல. அது நிலத்தை வெட்டுற கால்வாய் கிடையாது, கடலுக்குள்ள ஆழம் கம்மியா இருக்குற இடத்தைத் தோண்டி வழி பண்றது, கரை கிடையாது, லாக் கிடையாது. 1860-லயே டெய்லர்ங்கிற ஆங்கிலேயர் யோசனை சொன்னாரு, 2005 ஜூலை 2-ல மதுரையில தொடங்கி வச்சாங்க, 2007-ல உச்ச நீதிமன்ற வழக்குல ராமர் பாலம் பகுதி வேலை நின்னுச்சு. 2023 ஜனவரில தமிழக சட்டமன்றம் மறுபடி நிறைவேத்தணும்னு தீர்மானம் போட்டுச்சு. திட்டப்படி நீளம் 167 கிலோமீட்டர், அகலம் 300 மீட்டர், ஆழம் 12 மீட்டர். தோண்ட வேண்டிய ரெண்டு இடத்துல ஒண்ணு ராமேஸ்வரத்துக்குத் தெற்கே, இன்னொண்ணு நம்ம கோடியக்கரைக்கு நேரா பாக் நீரிணையில.

முதல்ல சொன்ன அளவுகோலை வச்சே பாருங்க. 12 மீட்டர் ஆழம்னா இன்னைக்குப் பெரிய கன்டெய்னர் கப்பல் அதுல வராது, நடுத்தரக் கப்பல்தான், தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் நடுவுல இலங்கையைச் சுத்தாம போகலாம், அது லாபம்தான். இன்னொரு பக்கம், பாக் நீரிணையில காவேரி மண்ணும் கடலோட்டம் கொண்டு வர்ற மணலும் படிஞ்சுக்கிட்டே இருக்கு, தோண்டுனா தூர்ந்துக்கிட்டே இருக்கும், தோண்டுற மண்ணை எங்க கொண்டுபோய்க் கொட்டுவாங்கன்னு நாகை, வேதாரண்யம், ஜெகதாப்பட்டினம் மீனவங்க கேக்குறது நியாயமான கேள்வி, இறால் நண்டு வலைபோடுற இடம் அது. யாராவது இந்தத் திட்டத்தைப் பத்தி உங்ககிட்ட பேச வந்தா எத்தனை கோடி முதலீடுன்னு கேக்காதீங்க. வருஷத்துக்கு எத்தனை கன மீட்டர் தூர்வாரணும், அந்த மண்ணு எங்க போகும், 12 மீட்டர்ல எத்தனை கப்பல் வரும், இந்த மூணையும் கேளுங்க.